அத்தை, அந்தத் தவுக்கேயை நீங்கள் கூப்பிடவில்லை

அத்தை,

நேற்று நம் குவீன்ஸ்டவுன் வீட்டுக் கூடத்தில் ஈரம் பாய்ந்த சுவருக்கு முன்னால் நின்று சிரித்தேன். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்குகிற கசிவு. பூசணம் பூத்த அந்த வாடை மூக்கில் ஏறியபோதே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வீட்டை விற்றுக் கொடுக்க வந்த ஏஜெண்டுப் பெண், "அங்கிள், அந்தக் கறை மேல ஒரு சாமி படத்த மாட்டிடுங்க லா. நாளைக்கு பார்க்க வர்றாங்க" என்றாள். அதற்குத்தான் சிரித்தேன். அந்தப் பிள்ளை பயந்தே போனாள்.

எனக்கு எழுதப் படிக்க வராதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்கள் கொள்ளுப்பேத்தி எழுதுகிறாள். ஈசூனில் அவளுடைய வீட்டோடு போய் இருக்கப்போகிறோம், நானும் உங்கள் மகளும். அதனால்தான் இந்த வீட்டையும் விற்கிறோம்.

தேக்காவில் மாமா பால் விற்ற காசில் வாங்கிய வீட்டை நீங்கள் விற்ற காலை, எனக்கு இப்போது கண்முன்னால் நடக்கிற மாதிரி இருக்கிறது. மாமா போன பிறகு அந்த வீட்டைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்துத் துறைமுகத்து ஆட்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் மகளை வளர்த்தீர்கள். நான் மாப்பிள்ளையாக வந்ததும் என் பங்குக்குக் கப்பலில் வந்த பெட்டிப் பலகையை அடித்து ஒரு பரண் கட்டினேன். பின்பக்கச் சந்து வழியை மறித்துத் தகரக் கூரை போட்டு அடுப்படியை நீட்டினோம். தேக்காவில் பாதி வீடுகள் அப்படித்தான் இருந்தன. நமக்கு அது குற்றமென்றே தெரியாது.

அரசாங்கத்து ஆள் டார்ச் விளக்கோடு வந்து பார்த்துவிட்டு வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டிப் போனார். பக்கத்துக் கடையில் கணக்கு எழுதும் கிராணிதான் படித்துச் சொன்னார். சந்து வழியை மறித்த அடுப்படி இடிய வேண்டும், பரண் இறங்க வேண்டும், ஜன்னல் இல்லாத அறைகளில் ஆள் படுக்கக் கூடாது. செய்யாவிட்டால் கோர்ட்டு.

ஜன்னல் இல்லாத அந்த அறைகளில் ஒன்றில்தான் நானும் உங்கள் மகளும் படுத்திருந்தோம். அவளுக்கு இருமல் வந்தால் பலகைத் தடுப்பே ஆடும். ஆஸ்பத்திரி டாக்டர் மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இது பாதிதாம்மா, மீதி காத்துதான்" என்று சொன்னதிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. குவீன்ஸ்டவுனில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர் கொடுத்தீர்கள். வீடு தயாரென்று ஆள் சொல்லியும் அனுப்பினார்கள். ஆனால் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. தேக்கா வீடு கை மாறினால்தான் அந்தச் சாவி நம் கைக்கு வரும்.

குற்றத்தாள் ஒட்டிய வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது. மொத்தப் பணத்தையும் ரொக்கமாக வைத்திருக்கிறவன்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவனுக்கு நம் அவசரமும் தெரிந்திருக்கும், பாதி விலைக்குத்தான் கேட்பான் என்றார், வீட்டை விற்க நாம் பிடித்த தரகர். அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். கேலாங்கிலிருந்து ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து, தரகர் ஒரு கட்டுச் சாமி படங்களோடு வந்து இறங்கினார்.

"சீனவங்க அடுத்தவங்க சாமி மேல கை வைக்க மாட்டாங்க தம்பி. நீங்க பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு மாட்ட ஆரம்பித்தார். மாடிப்படிச் சுவரில் வெடிப்பு ஓடிய இடத்தில் முருகன். கறையான் தின்ற தூணில் லட்சுமி. வாசலில் ஒட்டியிருந்த தாளின் மேல் பிள்ளையார் காலண்டர். அடுப்படிச் சுவரில் ஈரம் ஊறி உப்பியிருந்த இடம் முழங்கால் உயரத்தில் இருந்தது. அதனால் மாரியாத்தாள் சாக்கடை ஓரத்தில் முழங்கால் உயரத்திலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது.

தவுக்கே அரைக்கால் சட்டையும் பனியனுமாக வந்தார். இவரிடமா ரொக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் கேட்டார்: உங்கள் சாமிகள் எல்லாம் ஏன் ஈரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

தரகர், அது எங்கள் வழக்கம் என்றார்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் கூடையோடு உள்ளே வந்தீர்கள். தவுக்கேயையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே அடுப்படியைத்தான் பார்த்தீர்கள்.

"அடப்பாவிகளா! ஆத்தாள எவன்டா சாக்கடை ஓரமா உக்கார வச்சது?"

கூடை ஒரு பக்கம் விழுந்தது. படத்தைப் பிடுங்கினீர்கள். கூடவே ஒரு கைப்பிடி சுண்ணாம்புக் காரையும் பெயர்ந்து தவுக்கேயின் காலில் கொட்டியது. தரகர் கண்ணை மூடிக்கொண்டார். நீங்கள் ஆத்தாளை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தீர்கள். "புடிங்க மாப்ளே." அடுத்து முருகன் இறங்கினார். "புடிங்க." அடுத்து லட்சுமி. நான் கோயில் வாசலில் படம் விற்கிறவன் மாதிரி நின்றேன்.

பிறகு நீங்கள் அந்த மனிதரை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்களுக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி, "இனி ரோசாக்! இத்து ரோசாக்!" இது கெட்டுப்போச்சு, அது கெட்டுப்போச்சு. நகையைக் காட்டுகிற மாதிரி காட்டினீர்கள். பரணைத் தட்டி, "இது என் மருமகன் அடிச்சது. சட்டத்துக்கு ஆகாதாம். ஆனா இன்னிக்கு வரைக்கும் விழல" என்றீர்கள். தவுக்கேக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். கடைசியாக வாசலுக்கு வந்து பிள்ளையார் காலண்டரைக் கழற்றி, தாளையும் காட்டினீர்கள்.

"போச்சு தம்பி, எல்லாம் போச்சு" என்று தரகர் என் காதில் சொன்னார்.

விலையைச் சொன்னீர்கள். எனக்கே அது அதிகமாகத் தெரிந்தது. அடுப்படி இடிக்கிற கூலி, பரண் இறக்குகிற கூலி, காரை பூசுகிற கூலி எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு, நீங்களே கழித்து வைத்திருந்தீர்கள். அதற்கு மேல் ஒரு காசு குறையாது என்றீர்கள். தவுக்கே குறைத்துக் கேட்க வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "மாஹால், மாஹால்," அதிகம், அதிகம் என்று மட்டும் முனகிவிட்டு வெளியே நடந்தார்.

தேக்காவில் பேரம் பேசிய எல்லாருக்கும் அடுத்தது என்னவென்று தெரியும். வாங்க வந்தவர் போவது போலப் போவார், விற்கிறவர் கூப்பிடுவார், விலை இறங்கும். தவுக்கே வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் போய் நின்று, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. உள்ளே உங்கள் மகள் இருமுகிற சத்தம் கேட்டது. தரகர் "தவு..." என்று தொடங்கியேவிட்டார்.

நீங்கள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினீர்கள். "போறவர பின்னால கூப்பிடாத! நல்ல காரியத்துக்கு வந்த மனுஷன்."

அது உங்களுக்குத் தந்திரமே இல்லை, அத்தை. மாமா கடைசியாகப் பால் ஊற்றப் போனபோது யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். யார் வாசல்படி இறங்கினாலும் வீடு வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அது தவுக்கேக்கு எப்படித் தெரியும்? சிகரெட் பாதி எரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் தரையில் குந்தி, கூடையிலிருந்து சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

சிகரெட்டைக் காலில் மிதித்துவிட்டு உள்ளே வந்தார். நீங்கள் சொன்ன விலைக்குத்தான் வாங்கினார். "உன் மாமியாரை எனக்குக் கடையில் உட்காரக் கொடுப்பாயா?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். வக்கீல் ஆபீசில் பிஸ்கட் டின்னில் ரொக்கத்தைக் கொண்டுவந்து வைத்தபோது நீங்கள் அதைத் தொடவில்லை. "அந்தத் தாள்ல உள்ளது எல்லாம் பார்த்துத்தான் வாங்குறார்னு எழுதுங்க. நாளைக்கு எம் பொண்ணு கோர்ட்டுக்கு நடக்கக் கூடாது" என்று எழுத வைத்த பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தீர்கள்.

வரும் வழியில் என்னிடம் சொன்னீர்கள்: "குறைய நாமளே சொல்லிட்டா, அவன் சொல்றதுக்கு என்ன மாப்ளே மிச்சம்?"

இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்துவிட்டு, உங்கள் மகளை நடுக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தீர்கள். பகலெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இருமல் போய்விட்டது. இன்றைக்கும் என்னைத் திட்ட அவளுக்கு மூச்சுப் பஞ்சமில்லை. பரணிலிருந்து எடுத்து வந்த பலகையில் சாமி மாடம் அடித்தேன். ஆத்தாள் அதில் கண் உயரத்தில் இருக்கிறாள். படத்தின் அடிப்பக்கம் மட்டும் அந்தச் சாக்கடை ஈரத்தில் பழுத்துக் கிடக்கிறது.

இன்று வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. ஆத்தாளை மாடத்தை விட்டு நகர்த்தவில்லை. நானே அவர்களைக் கறைக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். மேல்வீட்டுக் கசிவைச் சொன்னேன், அதை அடைக்க ஆகும் கூலியைச் சொன்னேன், அதைக் கழித்து விலையையும் சொன்னேன். ஏஜெண்டுப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "யோசிச்சு சொல்றோம் அங்கிள்" என்று வெளியே நடந்தார்கள்.

ஏஜெண்டுப் பெண் கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட வேண்டாமென்று நான் கையைக் காட்டினேன். உங்கள் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தாழ்வாரக் கோடியில் லிப்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூடுகிற சத்தமும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த இருவரும் அதில் ஏறவில்லை, அத்தை.