வேஸ்டேஜ் என்று பெயர் வைத்த பட்டியல்

ஏங்க, பாப்பாவோட அப்பா,

ஒரு தப்பு பண்ணிவிட்டேன். இங்கே யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை, அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

தொண்டையில் ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொன்ன வாரம், கைக்குழந்தையாக இருந்த பாப்பாவுக்காக ஒரு மணி நேரம் பேசிப் பதிந்தீர்களே, அதைத்தான் தேடுகிறேன். பதிந்த போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்தது. ஆனால் யூஸ்நெட் என்கிற பழைய இணையச் செய்திக்குழு ஒன்றில் அதைத் துண்டு துண்டாக ஏற்றியிருப்பதாக, கண்ணை மூடுவதற்கு முன் நோட்டில் எழுதிக் காட்டினீர்கள். எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல் திருத்தங்கல் அச்சகத்தில் நீங்கள் டிசைன் செய்த கணினியில் இருக்கிறது, அதை அதே கணினியில் உள்ள ஒரு சின்ன மென்பொருளிடம் கொடுத்தால் அதுவே இறக்கி ஒட்டிவிடும் என்றும் எழுதினீர்கள்.

அந்தக் கிழட்டுக் கணினியில் வேறெதுவும் ஒழுங்காக ஓடாது, இது மட்டும் ஓடுகிறது. யார் யாரோ எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்த மென்பொருள். என்னைவிட அதன்மேல்தான் உங்களுக்குப் பிரியம் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

இரண்டு பட்டியல் இருந்தது. ஒன்றுக்குப் பெயர் பாப்பா, இன்னொன்றுக்கு வேஸ்டேஜ். ஆமத்தூரில் பருத்திக் காட்டு வீட்டில் பிறந்தவளுக்கு வேஸ்டேஜ் என்றால் குப்பைதானே? ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்று வந்ததும், கண்டதையும் அழித்தபோது அதையும் அழித்துவிட்டேன்.

பாப்பா பட்டியலை ஓடவிட்டேன். பாதிக்கு மேல் வந்தது. மீதித் துண்டுகள் சர்வரிலேயே இல்லை. பழுது பார்க்க முடியவில்லை என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. அச்சகத்தில் இருந்த உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன்.

"மதினி, தாளு கெட்டுப்போனா ஈடுகட்ட ஆர்டருக்கு மேல கொஞ்சம் கூட ஓட்டுவோம்ல, அதத்தான் நாங்க வேஸ்டேஜ்ங்கோம். காணாமப் போறத ஒட்டுப்போடுற துண்டெல்லாம் எங்க கெடக்குன்னு அண்ணன் அதுலதான் வச்சிருந்தாக. அதப் போயி அழிச்சிட்டீகளே."

அந்தத் துண்டுகள் இன்னமும் அந்தச் செய்திக்குழுவில் எங்கேயோ கிடக்கும். ஆனால் யாருக்கும் புரியாதபடி பெயரை மாற்றி வைத்தீர்கள், பட்டியல் இல்லாமல் தேட முடியாது. சிவகாசியில் அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். நான் இறக்கிய துண்டுகளே பட்டியல் இருந்த இடத்தின் மேல் ஏறிவிட்டன என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் குரல் எனக்கே மறந்துகொண்டு வருகிறது. இதை நான் எப்படித் தாங்குவது?

நேற்றுச் சாயங்காலம் உங்கள் தம்பி, வந்தவரைக்கும் பார்ப்போம் என்று உடைந்த கோப்பைத் திறந்தார். ஒரு செருமல் கேட்டது. அப்புறம், "பாப்பா, சாப்பிட்டியாம்மா?" அடுத்த துண்டு இல்லாததால் நாலாவது விநாடியில் அறுந்துவிட்டது, அதற்கப்புறம் வந்திருந்த துண்டுகள் திறக்கவே இல்லை.

ஆறு வயதில், நினைவு தெரிந்து முதல்முறையாகப் பாப்பா உங்கள் குரலைக் கேட்டாள். "சாப்பிட்டேன்ப்பா" என்றாள். அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த மென்பொருளை நான் நிறுத்தவில்லை, தினமும் ஓடவிடுகிறேன். ஒன்றுமே வராமல் போனாலும் ஒரு சத்தியம் செய்கிறேன். அப்பா உன்னோடு ஒரு மணி நேரம் பேசினார், அதை அழித்தவள் நான்தான் என்று அவளிடம் என் வாயாலேயே சொல்வேன்.

உங்கள் பாப்பாவின் அம்மா