குழாயைத் திறந்துவிட்டுப் பேசிய இங்கிலீஷ்

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் ஸ்ரீதேவி மேடத்திடம் திட்டு. லண்டன் போகிற நர்சுகளை இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சைக்குத் தயார் பண்ணுகிறவர், தென்காசியில். நான் பேசினால் சொல்லின் எல்லாத் துண்டிலும் ஒரே அழுத்தமாம். "ஜெயசித்ரா, நோயாளி பயந்துபோய் உக்காந்திருக்கா. நீங்க கரண்டு பில் வாசிக்க மாதிரி வாசிக்கீங்களே" என்றார். 'அண்டர்ஸ்டேண்ட்' என்பதில் கடைசித் துண்டை அமுக்கி, மற்றதை விழுங்க வேண்டுமாம். கேள்விக்குக் குரல் ஏறலாம், முடிவைச் சொன்னால் இறங்கி நிற்க வேண்டுமாம்.

பாஸானால் நானும் என் பாப்பாவும் இந்த மாமியார் வீட்டை விட்டுப் போய்விடலாம். வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

ஜூன் 14, சனி

எங்கே பேசிப் பழக? வடகரையில் இந்த வீட்டில் மருமகள் சத்தம் அடுக்களை தாண்டக் கூடாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

அத்தை கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். ஏறி இறங்குகிற குரல் அவளுக்குக் கொஞ்சலாகப் பட்டிருக்கிறது. ஜம்முவில் பட்டாளத்தில் இருக்கிற மகனுக்கு உடனே போன். "ஒம் பொண்டாட்டி உள்ள எவன்ட்டயோ கொஞ்சிக் கொஞ்சிப் பேசுதா."

இவர் என்னைக் கூப்பிட்டு யாரென்று கேட்டார். நோயாளி என்றேன். எந்த நோயாளி? அப்படி ஒருத்தி இல்லை, பரீட்சைக்காகப் பேசினேன் என்றால் நம்புவாரா? இனி என் போன் அத்தையிடமே இருக்கட்டும், கொடு என்றார். கொடுத்தேன். சீ, என்ன பொழப்பு இது. வாயப் பொத்திக்கிட்டுக் கொடுத்தேனே!

ஜூன் 22, ஞாயிறு

குடும்பத்தோடு ஐந்தருவி. நல்ல தண்ணி. பெண்கள் பக்கம் தலையைக் கொடுத்து நின்றுகொண்டு பரீட்சை வசனமெல்லாம் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

அது பரீட்சைப் பயிற்சிதான் என்று மேடமே இவரிடம் போனில் சொன்னார். போன் திரும்பக் கிடைத்தது. ஒரு 'தப்புதான்' கூடக் கிடைக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

'உங்கள் பிரஷர் சரியாக இருக்கிறது' என்று சொல்லும்போதும் கடைசியில் குரலைத் தூக்குகிறேனாம். யாரிடமோ அனுமதி கேட்கிற மாதிரி இருக்காம். மேடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ட்யூட்டிக்குப் போகட்டுமா, அம்மாவைப் பார்த்துட்டு வரட்டுமா, பிள்ளைக்குப் பால் ஆத்தட்டுமா — கல்யாணமான நாளிலிருந்து இதே ராகம். தொண்டை வேற என்னத்தப் படிக்கும்?

ஜூலை 19, சனி

திருவனந்தபுரத்தில் பரீட்சை. ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையின் தாயாக எதிரே ஒருத்தி நடிப்பாள், அவளைத் தேற்ற வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பாப்பாவிடம் பேசுகிற மாதிரிப் பேசினேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல்?

ஆகஸ்ட் 6, புதன்

பாஸ்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் லீவில் வந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் முன்னால் அத்தை என்னை இங்கிலீஷ் பேசிக் காட்டச் சொன்னாள். அதே வாய்தான்! பேசினேன்.

எல்லாரும் போனபிறகு இவர் சொன்னார்: "நீ போ. பாப்பா இங்கன இருக்கட்டும். அப்பத்தான் நீ திரும்பி வருவ."

இவர் குரல் ஏறவே இல்லை. நான், "அவளும் வரட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேனே பாவி! மூணு வயசுப் பிள்ளையை அடகு வைக்கச் சொல்லுதாக, நான் உத்தரவு கேக்கேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் காபியை வைத்துவிட்டு, அத்தையும் இருக்கும்போதே சொன்னேன்.

"பாப்பா இல்லாம நான் போகல."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவர் பேப்பரை மடித்தார்.

"அப்பம் போகாண்டாம்" என்றார்.

சரி என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அழவில்லை. மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். பரீட்சை முடிவு ரெண்டு வருஷம் செல்லுமாம்.

அதுவரை தினமும் இதையே சொல்வேன், குரலைத் தூக்காமல்.