இடது பக்கத்துக் கதவு

திருமங்கலம்
12.7.1982

தம்பி ஹரிராமுக்கு சின்னத்தாய் எழுதுவது.

நீங்கள் கேட்ட கார் முதன்முதலாக ஓடிய அன்றைக்கு எங்கள் களத்தில் இருந்தவர்கள்: என் அய்யா பேயாண்டி, ஆத்தா ரெங்கம்மாள், அண்ணன் மருது, அண்ணனைக் கட்டி வந்து ஒரு தை கூடப் பார்க்காத மதினி தங்கப்பொண்ணு, கார் பாடி வந்த பெட்டியைப் பிரிக்க வந்த ஆசாரி காளை, ஒன்பது வயதில் நான். இது தவிர வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு விருமாண்டி சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் அப்போது பிறக்கவே இல்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்டபோதே சொல்லியிருப்பேன். கொடுத்த மோரைப் பாதி வைத்துவிட்டு எழுந்தீர்கள். அது என் மனதில் இருக்கிறது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

பருத்தி மில் கொட்டகையிலிருந்து நீங்கள் வாங்கி இழுத்துப்போன சிவப்புக் கார் என் அண்ணனுடையதுதான். முதலில் அது நாலு பேர் உட்காரும் சாதாரண ஃபோர்டு. அண்ணன் ஏதோ படப் புத்தகத்தைப் பார்த்து அமெரிக்காவுக்கு எழுதிப்போட்டு, பாடியை மட்டும் தனியாக வரவழைத்தார். தூத்துக்குடியில் கப்பலில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்தது. பழைய பாடியைக் கழற்றிவிட்டு இதை முடுக்கினார்கள். இரண்டே பேர் உட்காரலாம். பின்பக்கம் வாழைப்பூ மாதிரிக் கூர்ந்து போகும். முன்னால் கண்ணாடி கிடையாது. அண்ணன் முகத்துக்கு நேரே மட்டும் சோற்றுத் தட்டு அளவில் வட்டமாக ஒன்று.

வந்தபோதே இடது பக்கம் கதவு இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கதவு ஒன்றே ஒன்று, அண்ணன் உட்கார்ந்த வலப் பக்கம்.

அண்ணன் உட்கார்ந்து எஞ்சினை உறும விட்டு, "ஏ புள்ள, ஏறு" என்று மதினியைக் கூப்பிட்டார். மதினி சுற்றி வந்து தடவித் தடவிப் பார்க்கிறாள், ஏற வழியில்லை. இடுப்பு உயரத்துக்குத் தகரம். சேலையோடு காலைத் தூக்கிப் போட முடியுமா, அதுவும் மாமனார் முன்னால்? காளைதான் முதலில் சிரித்தான். "என்னண்ணே, வெள்ளக்காரன் பொம்பளைக்கு வாசல் வைக்க மறந்துட்டானா?" ஆத்தாவும் சிரித்தது. எல்லோரும் சிரித்தோம். அண்ணன், "சரி, நீ வாடி சின்னத்தாயி" என்றதும் காளை என்னைப் பருத்தி மூட்டை மாதிரி தூக்கி உள்ளே போட்டான்.

தம்பி, அதை எப்படிச் சொல்வேன். கண்மாய்க் கரையில் ஏறியதும் சத்தமெல்லாம் பின்னால் தங்கிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாற்று, இரண்டிலும் வானம் கிடந்தது. கார் நின்றுகொண்டே இருப்பது போலவும் கரைதான் எங்களுக்கு அடியில் நழுவி ஓடுவது போலவும் இருந்தது. ஒரு கொக்கு என் தோளுக்கு நேராகக் கூடவே வந்தது, என்னைத் திரும்பிப் பார்த்தது. என் சடை அவிழ்ந்தது கூடத் தெரியவில்லை. அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், பேரன் பேத்தி எடுத்தேன். எல்லாம் அந்தக் கரையிலிருந்து இறங்கி வந்த பிறகு நடந்தவை.

சின்னத்தாய்

வில்லாபுரம்
20.7.1982

பெரியம்மா அவர்களுக்கு ஹரிராமின் வணக்கம்.

மோரில் பச்சை மிளகாய் அதிகம், வேறு காரணம் இல்லை. அடுத்த முறை முழுதும் குடிப்பேன்.

உங்கள் கடிதத்தை என் மனைவி ராதாமணிக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் சாயப்பட்டறைக் கொட்டகையில் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவனுக்கு நீங்கள் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டீர்கள். பாடியின் சட்டமெல்லாம் வெளிநாட்டு வெள்ளை மரம். இடது கதவின் சட்டம் மட்டும் நம் ஊர் வேங்கை. அமெரிக்காவில் ஓட்டுகிறவர் இடப் பக்கம் உட்காருவார். கூட வருகிறவர் ஏறத்தான் வலப் பக்கம் கதவு வைத்திருக்கிறார்கள். அதை நம் ஊர் வண்டியில் மாட்டியதும் கதவு ஓட்டுகிறவருக்குப் போய்விட்டது. ஆகவே இது கப்பலில் வந்த பாடியேதான். நம் நாட்டில் இப்படி ஒன்று மிச்சமிருப்பதே அபூர்வம்.

தை மாதம் மெட்ராஸில் பழைய கார்களின் ஊர்வலம். கார் முதலில் வந்தபடியே இருந்தால்தான் மதிப்பு என்பதால் இடது கதவை எடுத்துவிட்டு அங்கே தகரம் வைத்து அடைக்கப் போகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தக் கதவின் கீல் தேயவே இல்லை. யாரும் அதைப் புழங்கவில்லையா?

ஹரிராம்

திருமங்கலம்
27.7.1982

தம்பி ஹரிராமுக்கு,

அடைக்காதீர்கள். உங்கள் கையைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நாங்கள் கரையைச் சுற்றி வந்தபோது மதினி வீட்டில் இல்லை. நடந்தே தன் ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அய்யா ஆள் அனுப்பியும் வரவில்லை. அண்ணன் புதுக் காரின் இடப் பக்கத்தை வெட்டினார். காளை ரம்பத்தை எடுக்கவே பயந்தான். அண்ணன்தான் பிடுங்கி முதல் வெட்டுப் போட்டார். தகரம் வெட்டுப்படும் சத்தத்துக்கு ஆத்தா காதைப் பொத்திக்கொண்டது. ஒரு மனுஷன் பெஞ்சாதிக்காக இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

கதவு வைத்து, சிவப்புப் பூசி, மதினி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் பின்னால் பெட்ரோல் டாங்கி மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் உள்ளிருந்தபடியே கையை நீட்டிப் புதுக் கதவைத் திறந்துவிட்டு ஹாரன் அடித்தார். மதினி வெளியே வந்தாள். கதவைப் பார்த்தாள். மெதுவாக, சத்தமே வராமல் அதைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அதை யாரும் திறக்கவில்லை. அண்ணன் இன்னொரு கல்யாணமும் செய்யாமல் போய்ச் சேர்ந்தார்.

மதினி திருநகரில் தன் தம்பி மகன் வீட்டில் இருக்கிறாள். இங்கிருந்து ஒரு பஸ். அந்த ராங்கிக்காரி முகத்தில் நான் முழித்ததில்லை, முழிக்கவும் மாட்டேன். ஆனால் கதவு என் அண்ணன் மனசு. அது இருக்கட்டும்.

சின்னத்தாய்

வில்லாபுரம்
9.8.1982

பெரியம்மா அவர்களுக்கு,

கதவு இருக்கும். ஊர்வலத்தில் பரிசு கிடைக்காவிட்டால் போகட்டும். ராதாமணியும் அதைத்தான் சொன்னாள்.

ஒரு சந்தோஷச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் உயிர் பெற்றது. அவனியாபுரம் வரை ராதாமணியோடு போய்வந்தேன். பூசிய பெயின்ட் காயாமல் இடது கதவு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நீங்க கொஞ்சம் இறங்குங்க, நான் இந்தப் பக்கமே ஏறி நகந்துக்கறேன்" என்றாள். இறங்கினேன். கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கைப்பிரேக் கம்பியைத் தாண்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே நகர்ந்து போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. பிறகு நான் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஜனங்கள் கை காட்டினார்கள். நீங்கள் சொன்ன கொக்கு மட்டும் வரவில்லை.

ஹரிராம்

திருமங்கலம்
2.9.1982

தம்பி ஹரிராமுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேத்தி வாசித்தாள். "இறங்கினேன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். 

நேற்று திருநகர் பஸ் ஏறினேன். மதினி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சின்னத்தாயியா? சடைய ஒழுங்கா பின்னிருக்கியே" என்றாள். எனக்கு வாய் நிற்கவில்லை.

"ஏன் மதினி, அன்னைக்கு ஒரு வார்த்த, இறங்குங்கன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேனே தாயி. ரெண்டு தரம் சொன்னேன். நீங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சீக, ஒங்களுக்குக் கேக்கல."

"அண்ணனுக்கு?"

"கேட்டுச்சு. என்னையப் பாத்தாரு. அவுக அய்யாவப் பாத்தாரு. அப்புறம் ஒன்னையக் கூப்பிட்டாரு."

"கதவ வெட்டிக்கிட்டு வந்தாகளே!"

"வந்தாரு. அப்பவும் இறங்கல." இவ்வளவுதான் சொன்னாள். காப்பி கொடுத்தாள். அவள் தம்பி மகன் பஸ் ஏற்றிவிட வந்தான். பொங்கலுக்கு அவளை இங்கே கூட்டிவர வேண்டும், நீங்கள்தான் அந்தக் காரில் கூட்டிவர வேண்டும். அவள் ஏறும்போது இறங்கி நில்லுங்கள்.

இப்போதும் கண் அசந்தால் அந்தக் கரை வருகிறது. தண்ணீரும் வானமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இத்தனை காலம் முன்னால் பார்த்தே போனவள், இப்போது திரும்பிப் பார்க்கிறேன். களத்தில் மதினி நிற்கிறாள். நிற்கும் இடத்திலேயே சின்னதாகிக்கொண்டே போகிறாள்.

தம்பி, அந்தக் கதவை அடைத்துவிடுங்கள். தகரம் வைத்து, தடம் தெரியாமல் பூசிவிடுங்கள். அமெரிக்காக்காரன் வைத்த வாசல் ஒன்று போதும், அது எல்லோருக்கும் போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது.

ராதாமணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சிரித்த காளையை விட்டுவிட்டேன். ஆத்தாவை விட்டுவிட்டேன். அய்யா அந்தக் காலத்து ஆள், அவரையும் விட்டுவிட்டேன். நான் மன்னிக்காதது ஒரே ஒரு ஆளை. அவர்தான் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிப்போனவர், என் அண்ணன் மருது.