நீலக் கூஜா, இரண்டு வாழைக்காய்

ஒக்டோபர் 4, சனி
மழை. சாமான் பிரிக்கும் வேலை. ரமணனும் நானும் பிரிவதென்று முடிவாகி, வீடும் விற்றாயிற்று. பிரிட்ஜ், ரீவி அவருக்கு. தையல் மெஷின், இடியப்ப உரல் எனக்கு. சோபா ஒருவருக்கும் வேண்டாம். குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் கொழுவியிருந்த படம் வரும் வரைக்கும் சத்தமில்லாமல் போனது.
"படத்தை நான் கொண்டுபோறன்" என்றார்.
"ஏன்? முதல்ல கண்டது நான்தானே."
"கொழுவினது ஆர்?"
அதோடு நிறுத்திவிட்டோம்.

ஒக்டோபர் 5, ஞாயிறு
வெயில், ஆனால் குளிர். வட லண்டன் எட்மண்டனிலிருந்து அண்ணை போனில்: "வீட்டுக்கே சண்டை பிடிக்கேல்லை. ஒரு வாழைக்காய்ப் படத்துக்கோ?"
போனை வைத்துவிட்டுப் போய்ப் படத்தைப் பார்த்தேன். நீலக் கூஜா, இரண்டு வாழைக்காய், வெட்டிய பப்பாசி. மேசை எங்கள் பக்கம் சரிந்து நிற்கும், ஆனாலும் ஒன்றும் விழாது. நிழலே இல்லை, தட்டையான நிறங்கள். கலியாணமான வருடம் பெக்கமில் ஒரு சின்னக் கண்காட்சியில் வாங்கியது. இரண்டு பேருக்கும் ஒரேயடியாகப் பிடித்த பொருள் வேறு ஞாபகமில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்
படத்தின் கீழே பென்சிலால் எண். ஸ்கிரீன் பிரிண்ட், வலைத்துணி வழியாக மையை இழுத்து அச்சடிப்பது. அப்படியென்றால் பல தாள் அடித்திருப்பார்கள்! இதுவரை ஏன் தோன்றவில்லை?
வேலை முடிந்து அதைச் செய்த ஓவியர் அபேனாவின் பட்டறைக்கு. கானாவில் பிறந்து, சிறுமியாக லண்டன் வந்தவர். சட்டைக் கை முழுக்க மை. தனக்கென்று வைத்திருந்த தாள் ஒன்றுதான் மிச்சமாம். ஏன் இன்னொன்று என்று கேட்டார். சொன்னேன். பரிதாபப்படவில்லை. நல்லது.
"இதில் எது அசல்?"
"எல்லாம்தான். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு நிறத்தையும் நானே கையால் இழுத்தேன்."
தன் சுவரிலிருந்து கழற்றித் தந்தார்.

ஒக்டோபர் 11, சனி
இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எங்களுடையது மங்கிப்போயிருக்கிறது. வெயில், அடுப்பு ஆவி. மற்றதன் நீலம் கண்ணைக் குத்தியது. அதைத்தான் ரமணன் எடுப்பார் என்று நம்பியிருந்தேன். பழையதில் கை வைத்தார்.
"அது நிறம் போயிட்டுது."
"ஓம். எனக்கு இதுதான் வேணும். நீர் மற்றதை வைச்சிரும்."
எனக்கும் அதுதான் வேணும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துவாயால் சுற்றத் தொடங்கிவிட்டார், கண்ணாடி மூலைகளைக் கவனமாக மூடி. விட்டுவிட்டேன். கோபமில்லை. போய்ப் பாத்திரம் கட்டினேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு
தென் லண்டன், சட்டன். தூறல். புது பிளாட்டில் முதல் ஞாயிறு. படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. கொழுவி முடிய போன். ரமணன்.
"படம் எங்க கொழுவினனீர்?"
"குசினியில. மேசைக்கு நேர."
"நானும்."
அந்தப் பக்கம் கேத்தில் கொதிக்கும் சத்தம்.
"சாப்பிட்டாச்சோ?"
"இல்லை. இப்பதான் சாப்பிட இருக்கப்போறன்."
"நானும் இன்னும் சாப்பிடேல்லை."
இருவரும் போனை வைக்கவில்லை. மேசையில் சாய்த்து வைத்துவிட்டுச் சோறு போட்டேன்.