எலும்பில்லாத கட்டைவிரல்

என் அன்பு அத்தா,

உங்கள் வாயாடி மகளின் ஸலாம். கபுர்க்குழியில் உறங்குகிறவருக்கு இவ்வளவு கோபத்தோடு எழுதக் கூடாதுதான். ஆனால் சேதி நல்ல சேதி. அவன் சிக்கிவிட்டான்.

கிள்ரு நபிக்குச் சாவில்லை, பச்சை உடுப்பில் யாரோ எவரோ போல வருவார், அவர் கட்டைவிரலில் எலும்பு இருக்காது என்று சொல்லித்தானே முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கை கொடுத்துக் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தீர்கள்? பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நீங்கள் அழுத்தும் அழுத்தில், "பாய், விரலை விடுங்க, பிரியாணி சாப்பிடணும்" என்று கத்தாத ஆள் உண்டா? நானும் சிரித்தேன்.

அப்புறம் அவன் வந்தான். பச்சைத் தலைப்பாகை, கொழகொழவென்று கட்டைவிரல். மூலக்குளத்து வீட்டு வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"இன்சுலின் ஊசியை நிறுத்திடுங்க. நான் ஓதின தண்ணியே போதும். கேள்வி கேக்காதீங்க, பொறுமையா இருங்க" என்றான். மூசா நபிக்குக் கிள்ரு நபி போட்ட அதே நிபந்தனை! ஏழைகளின் படகில் கிள்ரு நபி ஓட்டை போட்டபோது மூசா நபி பொறுக்காமல் கேட்டுவிட்டார். ஒரு ராஜா அந்தப் படகைப் பறித்துக்கொள்ளாமல் காக்கத்தான் ஓட்டை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் சண்டை போட்டபோது அந்தக் கதையைச் சொல்லித்தானே என்னை அடக்கினீர்கள்?

"மூசா நபியே கேள்வி கேட்டுத்தான் அவரைக் கோட்டை விட்டாரு. நீ வாயை மூடுடி."

மூடினேன். ஊசி இல்லாமல் சர்க்கரை ஏறி நீங்கள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது அவன் ஊரிலேயே இல்லை. ஓதித் தருகிறேன் என்று வாங்கிய அம்மாவின் வளையலும் போச்சு. பாவி!

இப்போது நான் சாரம் பகுதியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஊராரின் கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொல்வதுதான் பிழைப்பு. உங்களுக்குச் சிரிப்பு வரும். போன வாரம் ஆதாரில் முகவரி மாற்ற ஒருவன் வந்தான். கட்டம் போட்ட சட்டை, மழித்த முகம். ரேகை விழவேயில்லை.

"சின்ன வயசுல மெஷின்ல நசுங்கிடுச்சும்மா. எலும்பையே எடுத்துட்டாங்க" என்றான். அந்தக் குரலை மறப்பேனா?

"சர்வர் போயிடுச்சு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் போலீசுக்கு போன் போட்டேன்.

"எவ்ளோ நேரம்மா ஆவும்?"

"கேள்வி கேக்காதீங்க. பொறுமையா இருங்க."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான் பாருங்கள்! அந்த மூஞ்சியைப் பார்க்கவாவது நீங்கள் இருந்திருக்க வேண்டும். எழுந்து ஓடப் பார்த்தான். அதற்குள் வாசலில் போலீஸ்.

இப்போது அவன் பெண்சாதி வந்து அழுகிறாள். அம்மாவும், "விட்டுடும்மா, அல்லாஹ் பாத்துப்பான்" என்கிறாள். அல்லாஹ் பார்த்துத்தான் அவனை என் மேசைக்கே அனுப்பினான் என்றேன். நீங்கள் இருந்தால் மன்னித்திருப்பீர்கள், இல்லையா? அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்வேன், அத்தா. ஒரு சொல் விடமாட்டேன்; இது சத்தியம். அப்புறம் ஒருநாள் நிஜமான கிள்ரு நபியே வந்து நின்றாலும் விரலை அழுத்திப் பார்க்கமாட்டேன். "எங்க அத்தா உங்களை அவ்ளோ தேடினாரே, அன்னிக்கு நீங்க ஏன் வரல?" என்று கேட்பேன். பதில் சொல்லும்வரை கையை விடமாட்டேன்.

இனி வாயை மூடாத உங்கள் மகள்,
மும்தாஜ்