கல்லாற்றில் எடுத்த கல்

கரமனை,
திருவனந்தபுரம்
12.8.1974

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் பாகீரதி அத்தையும் சௌக்கியம், டொரொண்டோவில் நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன், எழுதினால்தானே தெரியும். இந்த வருஷம் மழை ஓயவில்லை, ஆற்றில் செம்மண் தண்ணீர் படித்துறையின் மேல்படி வரை வந்து இறங்கிற்று. கல்லூரிக்கு லீவு விட்டார்கள், அந்த ஓய்வில்தான் நீ கேட்ட காரியத்தைப் பார்க்க முடிந்தது.

அப்பாவின் சவரக்கத்தி மழுங்கிவிட்டது, தீட்டுகிற கல்லை அனுப்பு என்று எழுதியிருந்தாய். ஆறு வயதில் கல்லாற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று நீயே பொறுக்கி அப்பாவிடம் கொடுத்த கல் அது என்று அறைத் தோழனிடம் சொன்னாயாம், ஆற்றுக் கல்லில் சவரக்கத்தி தீட்டுவார்களா என்று அவன் சிரித்தானாம், கெமிஸ்ட்ரி எடுக்கிற அம்மாதான் அது என்ன கல் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கும் அந்தச் சந்தேகம் அப்போதே உண்டு. கல்லாற்றுக் கல் கொரகொரப்பு, கத்தியின் வாயைக் கெடுத்துவிடும். அப்பா இருந்தபோது கேட்டால் சோப்பு நுரைக்குள் சிரிப்பார்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவிப் பார்த்தேன். மேல் பாதி வெளிர் மஞ்சள், கீழ்ப் பாதி கருநீலம், ஒட்டவைத்ததல்ல, இயற்கையாகவே சேர்ந்தது. அமிலம் ஒரு சொட்டு விட்டேன், பொங்கவில்லை, ஆகவே சுண்ணாம்புக் கல் இல்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாததால் ஜியாலஜி நேசமணியிடம் கொண்டுபோனேன். அவள் ஓரத்தில் கொஞ்சம் தூள் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மாவைவிடப் பொடியான கார்னெட் மணிகள், கடினமான கனிமம், அதனால்தான் கீறாமல் தீட்டுகிறது, இப்படி இரட்டை நிறத்தில் பெல்ஜியத்தில் வெட்டி எடுப்பார்கள் என்றாள். கல்லாற்றில் கிடைத்தது என்கிறான் பையன் என்றேன். இது கல்லாத்துல கெடந்துதுண்ணா நான் பெல்ஜியத்துல பெறந்தவளாக்கும் டீச்சரே என்று சிரித்தாள்.

நான் சந்தேகப்பட்டது சரியாயிற்று, ஆனால் சந்தோஷம் வரவில்லை. அப்படியானால் உன் கல் எங்கே? அப்பா அதைத் தூர எறிந்துவிட்டு, வாங்கிய கல்லை உன் கல் என்று காட்டினார் என்று நினைக்கப் பிடிக்கவில்லை. அத்தையின் சந்தனக் கல்லும் ஆற்றுக் கல் மாதிரி கொரகொரப்பாக இருப்பது ஞாபகம் வந்தது. பாகீரதி அத்தையிடம், நீங்கள் சந்தனம் அரைக்கும் கல் இவருடைய சவரப் பெட்டியிலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டேன். சவரச் சாமான் பட்ட கையைப் பூஜை அலமாரிப் பக்கம் நீட்டவிடாதவளிடம் கேட்கிற கேள்வியா அது. நன்னாயிருக்கு விஜயம், க்ஷவரக் கல்லுல பகவானுக்குச் சந்தனம் அரைக்கறவளாக்கும் நான் என்று ஆரம்பித்து அரைமணி திட்டினாள். கடைசியில், உன் ஆம்படையான் நாகுதான் கொண்டுவந்து தந்தான், இது கல்லாத்துக் கல்லாக்கும், குழந்தை ஆசையாக் கொடுத்தான், தீட்டினேன், கத்தி பல்லுப்பல்லாப் போச்சு, நீ சந்தனத்துக்கு வெச்சுக்கோக்கா, அவன்கிட்ட மட்டும் பறயாதேன்னான் என்றாள். அவள் தம்பிக்குக் கொடுத்த வாக்கை, தம்பி போய் இரண்டு வருஷம் கழித்து, என்மேல் வந்த கோபத்தில்தான் மீறினாள்.

ஆகவே தினமும் குளித்துவிட்டு வந்து அப்பா நெற்றியில் இட்டுக்கொண்டது உன் கல்லில் அரைத்த சந்தனம். நானும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன், எனக்கும் சொல்லவில்லை. உன் கல்தான் அது என்று இன்றும் எழுதிவிட்டிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய், ஆனால் அப்பாவுக்கு வந்த பொய் எனக்கு வராது.

மஞ்சள் கல்லைத் துணியில் சுற்றிக் கப்பல் தபாலில் அனுப்புகிறேன். மஞ்சள் பக்கத்தில் தண்ணீர் விட்டுத் தீட்டு, எண்ணெய் வேண்டாம், கத்தியை ஈரத்தோடு மூடாதே. உன் கல்லையும் கேட்டேன், வந்து வாங்கிக்கட்டும் என்று அத்தை தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் உன்னை வா என்று நான் ஒரு தரம்கூட எழுதியதில்லை, உன் வேலை அப்படி என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். நேற்று அத்தை உன் கல்லைக் கழுவிக் கவிழ்க்கும்போது நடுவில் விரல் பதிகிற அளவு குழிந்திருப்பதைப் பார்த்தேன். இவ்வளவு நாளாகியிருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும், அத்தையும் அதையே சொல்லச் சொன்னாள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. மார்கழியில் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

உன் அம்மா
விஜயம்