அத்தாவுக்கு ஒரு வரி

உத்திரமேரூர்
3.11.2024

அன்புள்ள சாதியா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. உன் ஆய்வகத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட எலிகள் நடந்தனவா என்று தேடி, நீ அனுப்பும் மெசேஜையெல்லாம் அத்தா என் போனில் படித்துவிடுகிறார். பேசினாலோ கூடம் முழுக்கக் கேட்கிறது. இதை என் சிநேகிதன் மோகன்குமார் தபாலில் போடுவான். பதிலையும் அவன் முகவரிக்கே அனுப்பு.

நம் பெயிண்ட் கடை போர்டு மாட்ட ஏறி நான் விழுந்து, வருகிற மாதத்தோடு ஆறு வருடம். இடுப்புக்குக் கீழே எதுவும் மாறவில்லை. கடைக்கு மேலே இந்த மாடியிலேயே கிடக்கிறேன். சக்கர நாற்காலி வாங்குங்கள், கீழே குடோனை எனக்கு அறையாக்கி வாசலில் ஒரு சரிவு கட்டுங்கள் என்று மறுபடி கேட்டேன். அத்தா சொன்னது: "நடக்கப் போற பையனுக்கு இன்னாத்துக்குடா வண்டி? உங்க அக்கா அதுக்குத்தானே ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறா!"

இப்போது சென்னையில் ஒரு கிளினிக்கைப் பிடித்திருக்கிறார். முதுகில் மூன்று ஸ்டெம் செல் ஊசியாம். ஜனவரியில் போக வேண்டும் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உன் பாசித்


பெங்களூரு
12.11.2024

அன்புத் தம்பி பாசித்துக்கு,

வ அலைக்கும் சலாம். அந்த ஊசி வேண்டவே வேண்டாம். என்ன செல், எங்கே வளர்த்தது என்று கேட்டுப் பார், பதில் வராது. அப்படி ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு முதுகுத்தண்டிலேயே கட்டி வளர்ந்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறேன். அத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் நான்கு எலிகள் பின்னங்காலை ஊன்றுகின்றன. நரம்பாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை அடிபட்ட இடத்தில் வைத்த ஐந்தாவது வாரத்தில்! இன்னும் கொஞ்ச காலம் பொறு கண்ணு. முதுகுப்புண் ஆறியதா? இரண்டு மணிக்கொரு முறை உன்னைப் புரட்டிப் படுக்கவைக்க அம்மாவிடம் சொல்.

பிரியமுள்ள அக்கா


உத்திரமேரூர்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பேசிய பிறகு அத்தா ஊசியை விட்டுவிட்டார். ஆனால் அவரிடம் என்ன சொன்னாய்? பெயிண்ட் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "வெளி ஊசி வேணாம்னுட்டா என் பொண்ணு. அவ கையாலயே சரியாப்பூடும்" என்கிறார். கொஞ்ச காலம் என்று 2019-லும் சொன்னாய்.

மோகன்குமாரின் இ-சேவை மையத்தில் ஆள் வேண்டுமாம். உட்கார்ந்து செய்கிற வேலை. பி.காம். படித்தவனுக்கு இது போதும். சக்கர நாற்காலியில் பத்து நிமிஷம். ஆனால் பதினெட்டுப் படி இறங்க வேண்டும்.

நேராகவே கேட்கிறேன். நான் நடப்பேனா? மாட்டேன் என்றால் அத்தாவுக்கு அதை ஒரு வரி எழுது. நான் சொன்னால் மனசு விட்டுப்போய்விட்டது என்கிறார். டாக்டர் சொன்னால் அவருக்கு என்ன தெரியும் என்கிறார். நீ சொன்னால்தான் நம்புவார்.

பாசித்


பெங்களூரு
19.1.2025

பாசித்,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு மாதம் ஆய்வகத்துக்குப் போய் வந்தேன்.

எங்கள் சிகிச்சை மனிதர்களுக்கு வந்தாலும், அடிபட்டு ஒரு மாதத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். அதற்கு மேல் காயத்தில் தழும்பு இறுகிவிடுகிறது. பழைய காயமுள்ள எலிகளிலும் செய்து பார்த்தோம். ஒன்றுகூட எழவில்லை. இது எனக்கு 2021-லேயே தெரியும். உன்னிடம் மறைத்தேன்.

நீ விழுந்தபோது நான் நெல் விதை ஆராய்ச்சியில் இருந்தேன். அதை விட்டு இங்கே வந்தது உனக்காக. அத்தா என் கல்யாணப் பேச்சை நிறுத்தி என்னை இங்கே விட்டுவைத்ததும் உனக்காகத்தான். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் வீட்டில் என்ன காரணம் சொல்லி இங்கே இருப்பேன்? பயந்தேன். நீ மாடியிலேயே கிடந்ததால்தான் நான் இங்கே வேலை பார்க்க முடிந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதே தபாலில் அத்தாவுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். "பாசித் நடக்க மாட்டான், அத்தா. என் ஆராய்ச்சியால் அவனுக்குப் பயனில்லை. அவனுக்கு நாற்காலி வாங்கிக் கொடுங்கள்." இவ்வளவுதான் எழுதினேன்.

சாதியா


உத்திரமேரூர்
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அத்தா கடையில் நின்றபடியே படித்தாராம். என்னிடம் வரவில்லை. படிக்கட்டில் நின்று அம்மாவிடம் கத்தினார்: "தன்னால முடிலன்னு என் புள்ளைய முடம்னு எழுதறா! இனிமே இந்த வூட்டு வாசல்ல வந்து நின்னாலும் கதவ தெறக்க மாட்டேன்!"

ஒன்பது நாள் கடையிலேயே சாப்பிட்டார். பத்தாம் நாள் காலையில் குடோனில் டப்பாக்கள் நகரும் சத்தம் கேட்டது. தனியாளாக நகர்த்திக்கொண்டிருந்தாராம். மறுநாள் கொத்தனார் வேதகிரி வந்தார். வாசலில் சரிவு கட்டினார், பிறகு சக்கர நாற்காலியும் வந்து இறங்கியது. இப்போது கீழேதான் இருக்கிறேன்.

நேற்று முன்தினம் ஜும்ஆ தொழுகைக்கு நானே வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். பஜாரில் சாலவாக்கம் பஸ் எனக்காக நின்று வழிவிட்டது. அத்தா நாலடி பின்னால் வந்தார், யாரோ போல.

மோகன்குமார் வேறு ஆளை வைத்துவிட்டான். பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. உன்மேல் கோபம்தான், அக்கா. மூன்று வருடத்துக்கு மேல் மறைத்திருக்கிறாய். ஆனாலும் வேலையை விட்டுவிடாதே. போன வாரம் மாகறலில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து கால் அசையாமல் கிடக்கிறாராம். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் அது உதவட்டும்.

பெருநாளுக்கு வா. அத்தா கதவைத் திறக்க மாட்டார். நான் திறக்கிறேன். வாசல்வரை இப்போது என்னால் வர முடியும்.

தம்பி,
அப்துல் பாசித்